எந்த டைலூட்டர் நல்லது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சினை ஊசிக்காக உறையவைக்கும் கால்நடை விந்து, அதாவது உறைவிந்து, எப்படித் தயாராகிறது என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விந்தோடு கலக்கும் கரைசலைப் பற்றியவை. உறைவிந்து நிலையங்களில் அதை டைலூட்டர் என்போம், நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். “எது நல்லது, ஒரு பெயர் சொல்லுங்கள்” என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். காளைக்கா, கிடாவுக்கா, பன்றிக்கா, சேவலுக்கா என்று தெரியாமல் அந்தப் பெயரைச் சொல்ல முடியாது. அதனால் கால்நடை வாரியாகப் பிரித்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

டாக்டர் ஐயா, சினை ஊசிக் குச்சியில் கோழிமுட்டை மஞ்சள் கரு கலக்கிறார்கள் என்று எங்கள் ஊரில் ஊசி போடுபவர் சொன்னார். உண்மையா? மாட்டு விந்தில் முட்டைக்கு என்ன வேலை?
– பால் பண்ணையாளர், கோபிசெட்டிபாளையம்

உண்மைதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நல்ல காளை ஒரு தடவைக்கு 5 மில்லி விந்து தருகிறது, மில்லிக்கு 100 கோடி விந்தணு இருக்கிறது என்று வையுங்கள், மொத்தம் 500 கோடி ஆகிறது. நம் நாட்டு விதிப்படி ஒரு குச்சியில் (விந்தை அடைத்து உறையவைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்) குறைந்தது 2 கோடி விந்தணு இருக்க வேண்டும், ஆக அந்த 5 மில்லியிலிருந்து 250 குச்சி எடுக்கலாம். குச்சி ஒவ்வொன்றும் கால் மில்லி, 250 குச்சியை நிரப்ப 62 மில்லிக்கு மேல் வேண்டும். விந்து 5 மில்லி போக மீதி எல்லாமே டைலூட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு மஞ்சள் கரு. அப்படியென்றால் உங்கள் மாட்டுக்குப் போட்ட குச்சியில் ஏறக்குறைய ஒரு சொட்டு மஞ்சள் கரு இருந்திருக்கிறது. மாட்டுக்கு அதனால் எந்தக் கெடுதலும் இல்லை.

எதற்கு என்றால், குளிருக்காக. மார்கழி மாதக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழுகிறதா? விந்தணுவைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வும் கொழுப்பால் ஆனது, 15 டிகிரிக்குக் கீழே இறங்க இறங்க அதுவும் விறைத்துப் போகிறது, விறைத்த இடத்தில் ஓட்டை விழுகிறது, உள்ளே இருப்பது வெளியே கசிகிறது. அப்படி அடிபட்ட விந்தணு உயிரோடு இருந்தாலும் வட்டம் அடித்தபடியோ பின்பக்கமாகவோ நீந்தும், கருமுட்டையிடம் போய்ச் சேராது. மஞ்சள் கருவில் இருக்கும் அடர்த்தி குறைந்த கொழுப்புப் புரதம் அந்தச் சவ்வின் மேல் படிந்து அதைத் தாங்குகிறது. 1940-ஐ ஒட்டி அமெரிக்காவில் விஸ்கான்சினில் பிலிப்ஸ், லார்டி இருவரும் மஞ்சள் கருவோடு பாஸ்பேட் சேர்த்துக் காளை விந்தைக் குளிரில் சில நாள் வைத்துக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே சாலிஸ்பரி குழுவினர் பாஸ்பேட்டுக்குப் பதில் சிட்ரேட் போட்டார்கள். அதில் கொழுப்புத் துளிகள் கரைந்து பிரிவதால் மைக்ராஸ்கோப்பில் விந்தணு தெளிவாகத் தெரிந்தது.

மஞ்சள் கரு 5 டிகிரி வரைதான் காப்பாற்றும். அதற்குக் கீழே, தண்ணீர் பனிக்கட்டியாக மாறும் இடத்தில், கிளிசரால் வேண்டும். அது கிடைத்த விதத்தைச் சொல்ல வேண்டும். 1949-இல் லண்டனில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் மூவரும் சேவல் விந்தை ஒரு சர்க்கரைக் கரைசலில் உறையவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒன்றும் சரிவரவில்லை. ஒருநாள் உருக்கிப் பார்த்தால் விந்தணுக்கள் நீந்துகின்றன. அதே பாட்டில், அதே லேபிள். உள்ளே என்ன இருக்கிறது என்று சோதித்த பிறகுதான் லேபிள் மாறியிருப்பதும் அது கிளிசரால் கலந்த கரைசல் என்பதும் தெரிந்தது. சர்க்கரை அதில் இல்லவே இல்லை. இரண்டே ஆண்டில் உறையவைத்த காளை விந்தில் கன்று பிறந்துவிட்டது. இன்று மைனஸ் 196 டிகிரி நைட்ரஜனில் நாம் வைத்திருக்கும் ஒவ்வொரு குச்சிக்கும் பின்னால் அந்தப் பாட்டில் இருக்கிறது.

சார், புதிதாகத் தொடங்கிய ஒரு பொலிகாளை நிலையத்தில் சேர்ந்திருக்கிறேன். மஞ்சள் கரு போட்டு நாங்களே டிரிஸ் டைலூட்டர் தயாரிக்கலாமா, முட்டையே இல்லாத சோயா லெசித்தின் ரெடிமேட் வாங்கலாமா என்று இங்கே இரண்டு கட்சி. உங்கள் அனுபவத்தில் எது?
– இளம் கால்நடை மருத்துவர், தஞ்சாவூர்

தம்பி, என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழகிய கை, புது முட்டை, நல்ல தண்ணீர் மூன்றும் இருந்தால் டிரிஸ்-மஞ்சள் கரு போதும், காளைக்கும் எருமைக்கும். மூன்றில் ஒன்று இல்லையென்றால் ரெடிமேட் வாங்குங்கள்.

அளவு தெரிந்திருப்பீர்கள், இருந்தாலும் எழுதுகிறேன்: ஒரு லிட்டர் பஃபருக்கு, அதாவது அடிக்கரைசலுக்கு, டிரிஸ் 30.28 கிராம், சிட்ரிக் அமிலம் 16.75 கிராம், ஃப்ரக்டோஸ் 12.5 கிராம். அந்தப் பஃபரில் 20 சதவீதம் மஞ்சள் கரு, 6-இலிருந்து 7 சதவீதம் கிளிசரால், அப்புறம் ஆன்டிபயாடிக். டிரிஸ் கார அமிலத் தன்மையை ஏறி இறங்காமல் பிடித்து வைக்கிறது, ஃப்ரக்டோஸ் விந்தணுவுக்குத் தீனி. இதில் எந்த ரகசியமும் இல்லை, ஐம்பது அறுபது ஆண்டுகளாக உலகம் முழுக்க இதே சமையல்தான் சின்னச் சின்ன மாற்றத்தோடு நடக்கிறது.

தவறு நடப்பது முட்டையில். கடையில் பத்து நாள் கிடந்த முட்டை வேண்டாம், இரண்டு மூன்று நாளுக்குள் இட்டதை வாங்குங்கள். ஓட்டைக் கழுவித் துடைத்து ஸ்பிரிட் தடவி உலரவிடுங்கள். உடைத்து வெள்ளைக் கருவை ஓட்டுக்கு ஓடு மாற்றி வடித்த பிறகு, மஞ்சள் கருவை முழுசாக ஒரு வடிதாளின் மேல் வைத்து மெதுவாக உருட்ட வேண்டும். உருளும்போது ஒட்டியிருக்கும் வெள்ளைக் கருவைத் தாள் உறிஞ்சிக்கொள்ளும், முதலில் வழுக்கிக்கொண்டு ஓடும், பிறகு தாளில் லேசாக ஒட்டிப் பிடித்து உருளும். அந்தப் பிடிப்பு வந்ததும் நிறுத்திவிட்டு, தாளை அளவு ஜாடியின் வாய்க்கு மேல் சாய்த்து, மேல் தோலைப் பிப்பெட் முனையால் ஒரே குத்து. மஞ்சள் மட்டும் ஜாடிக்குள் ஒழுகும், தோல் தாளிலேயே தங்கிவிடும். வெள்ளைக் கருவும் தோலும் உள்ளே போனால் கரைசல் கொழகொழவென்று ஆகும், விந்தணுவும் நீந்தாது. இதைப் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க அரை நாள் ஆகும், ஆனால் அந்த அரை நாளைக் கொடுக்காத இடங்களில்தான் “மஞ்சள் கரு சரியில்லை” என்ற பேச்சு வருகிறது.

தண்ணீரைப் பற்றி இதைவிட அழுத்திச் சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு நிலையத்தில் (பெயர் வேண்டாம்) ஒரு கோடையில் உருக்கிப் பார்க்கும் குச்சி எல்லாம் மட்டமாக வந்தது. விதிப்படி உருக்கிய பின் 50 சதவீத விந்தணுவாவது முன்னோக்கி நீந்த வேண்டும், எங்களுக்கு 35, 40 என்று வந்து, குச்சிகளைக் கூடை கூடையாகக் கழித்துப் போட்டோம். விந்தணு உருவாக இரண்டு மாதம் பிடிக்கும், சித்திரை வெயில் ஆனி மாத விந்தில் தெரியும், அதனால் எல்லாரும் வெயிலைத்தான் சொன்னோம். காளைக் கொட்டகைக்குத் தண்ணீர் தெளிப்பான் வந்தது, தீனி மாறியது, ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் ஒரு லேப் உதவியாளர் அம்மா, வடித்த தண்ணீரைச் சேமிக்கும் கேனின் அடியில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு “வழவழன்னு இருக்கு சார்” என்றார். கேனை மாற்றி அன்றன்று வடித்த தண்ணீரை மட்டும் எடுத்தோம், அடுத்த வாரமே பழைய அளவு திரும்பியது. அந்த அம்மாவின் விரல் கண்டுபிடித்ததை எங்கள் படிப்பு கண்டுபிடிக்கவில்லை. மும்முறை வடித்த தண்ணீர், அன்றைக்கு எடுத்தது, கண்ணாடிப் பாத்திரத்தில். இதில் சமரசம் வேண்டாம்.

சரி, ரெடிமேடுக்கு வருவோம். அதிலும் ஒரே ரகம் இல்லை. டிரைலாடில் மாதிரி சிலவற்றில் பஃபரும் கிளிசராலும் ஆன்டிபயாடிக்கும் இருக்கும், மஞ்சள் கருவை நீங்கள்தான் சேர்க்க வேண்டும்: 250 மில்லி மருந்து, 750 மில்லி தண்ணீர், 250 மில்லி மஞ்சள் கரு. எடை போடும் வேலை மிச்சம், முட்டை வேலை மிச்சமில்லை. ஆண்ட்ரோமெட், பயோஎக்செல் போன்றவை சோயா லெசித்தின் (சோயாவிலிருந்து எடுக்கும் கொழுப்பு) ரகம், தண்ணீர் மட்டும் சேர்த்தால் போதும். ஆப்டிக்ஸெல்லில் கொழுப்பை நுண்ணிய குமிழ்களாகக் கொடுக்கிறார்கள். முட்டை வழியாகப் பறவைக் காய்ச்சல் கிருமியோ மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவோ வரக்கூடும் என்ற பயம் இவற்றில் இல்லை, வெளிநாட்டுக்கு விற்கும் நிலையத்துக்கு அது பெரிய விஷயம். ஒரு பாட்டிலுக்கும் இன்னொரு பாட்டிலுக்கும் வித்தியாசம் குறைவு, மைக்ராஸ்கோப்பில் குப்பையும் குறைவு. விலைதான் கையைக் கடிக்கும்.

ஆனால் ஒன்று, எல்லாக் காளைக்கும் சோயா ஒத்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள், எல்லாக் காளைக்கும் முட்டை ஒத்துக்கொள்ளும் என்றும் நினைக்காதீர்கள். இரண்டு கட்சியும் அறையில் உட்கார்ந்து பேசுவதை நிறுத்திவிட்டு ஒரு வேலை செய்யட்டும். ஒரே காளை ஒரே தடவையில் தந்த விந்தை இரண்டாகப் பிரித்து, பாதியை இதிலும் பாதியை அதிலும் கலந்து, ஒரே நாளில் ஒரே பெட்டியில் உறையவையுங்கள். மறுநாள் உருக்கியதும் பாருங்கள், 37 டிகிரியில் வைத்து ஒரு மணி, இரண்டு மணி கழித்தும் பாருங்கள். உருக்கிய நிமிடத்தில் இரண்டும் 55 காட்டும், இரண்டு மணியில் ஒன்று 40, இன்னொன்று 15 என்று நிற்கும். மாட்டின் கருப்பையில் அந்த இரண்டு மணியும் அதற்கு மேலும்தான் கணக்கு. காளைக்குக் குறைந்தது ஐந்தாறு தடவை இப்படிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

டைலூட்டர் எதுவானாலும் 4–5 டிகிரியில் 4 மணி நேரம் வைக்கும் வேலையைச் சுருக்காதீர்கள். சாயங்காலம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று இரண்டரை மணியில் உறையவைத்த குச்சிகளை நான் பார்த்திருக்கிறேன். எருமை விந்தின் சவ்வு காளையைவிட மென்மையானது, இந்த அவசரம் அதில்தான் முதலில் தெரியும்.

ஐயா, எங்கள் குழுவில் நல்ல தலைச்சேரிக் கிடா ஒன்று இருக்கிறது. தெரிந்த ஒரு லேபில் மாட்டு டைலூட்டரிலேயே அதன் விந்தையும் உறையவைத்துத் தரச் சொன்னோம். கலந்த கொஞ்ச நேரத்திலேயே எல்லாம் செத்துவிட்டது என்கிறார்கள். கிடாவில் கோளாறா?
– வெள்ளாட்டுப் பண்ணையாளர், நாமக்கல்

கிடாவைக் கழித்துவிடாதீர்கள், அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

வெள்ளாட்டுக் கிடாவின் குமிழ்ச் சுரப்பியிலிருந்து விந்து நீரில் ஒரு நொதி கலக்கிறது, பாஸ்போலிபேஸ் என்று பெயர். மஞ்சள் கருவில் இருக்கும் லெசித்தினைப் பார்த்தால் அதை வெட்டும். வெட்டினால் கொழுப்பு அமிலமும் லைசோலெசித்தினும் வரும், லைசோலெசித்தின் விந்தணுவின் சவ்வைக் கரைத்துவிடும். காளையின் விந்தணுவுக்குக் கவசமாக இருக்கும் அதே முட்டை, கிடாவின் விந்தணுவுக்கு விஷமாக மாறுகிறது. சில சமயம் கரைசலே திரிந்த பால் மாதிரி கட்டியாகும். மைக்ராஸ்கோப்பில் முதல் பார்வையில் வெள்ளம் சுழிப்பது மாதிரி அலை தெரியும், கிடா விந்து அவ்வளவு அடர்த்தி, பார்த்தவருக்குச் சந்தோஷமாக இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து அதே கண்ணாடித் தகட்டைப் பார்த்தால் அங்கங்கே நாலு வால் துடித்துக்கொண்டிருக்கும்.

வழி இரண்டு. ஒன்று, எடுத்தவுடனே முட்டை இல்லாத வெறும் பஃபரில் கலந்து, சென்ட்ரிபியூஜில் சுற்றி, மேலே நிற்கும் நீரைக் கொட்டிவிட வேண்டும், முடிந்தால் இரண்டு தடவை. நொதி நீரோடு போய்விடும், அடியில் தங்கும் விந்தணுவை அப்புறம் மஞ்சள் கரு டைலூட்டரில் கலக்கலாம். சுற்றும் வேகம் கூடினால் வால் ஒடியும், அதனால் பழகியவர் செய்ய வேண்டும். இன்னொன்று, கழுவாமலே மஞ்சள் கருவின் அளவை வெகுவாகக் குறைப்பது, 20 சதவீதம் போடும் இடத்தில் 2 சதவீதம், 5 சதவீதம் என்று. நான் கழுவும் கட்சி. ஆடை நீக்கிய பால் போட்டால் தப்பிக்கலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். அதே சுரப்பியின் இன்னொரு நொதி பாலில் மிச்சமிருக்கும் கொழுப்பை உடைத்து விந்தணுவைச் சோர வைக்கிறது, பாலிலும் கழுவிய விந்துதான் நன்றாக நிற்கிறது.

செம்மறிக் கிடாவுக்கு இந்தச் சிக்கல் கிடையாது, மஞ்சள் கரு தாராளமாகப் போடலாம். அங்கே சிக்கல் பெட்டையிடம். செம்மறியின் கருப்பை வாய் திருகாணி மாதிரி வளைந்து வளைந்து போகும், ஊசிக் கம்பி உள்ளே நுழையாது, வாசலிலேயே விட்ட உறைவிந்து அவ்வளவு தூரம் நீந்திப் போகாது. வயிற்றில் சிறு துளை போட்டு லேப்ராஸ்கோப் வழியாகக் கருப்பைக்குள்ளேயே விடும் முறையில்தான் நன்றாகச் சினை பிடிக்கிறது. அதற்குள் டைலூட்டரை மாற்றி மாற்றிப் பார்த்துக் காசைக் கரைக்காதீர்கள்.

இளநீரில் விந்தைக் கலந்து வைக்கலாம் என்று படித்தேன். நம்மிடம் தென்னை நிறைய இருக்கிறதே, முட்டைக்குப் பதில் இளநீரில் உறையவைக்க முடியாதா?
– தென்னை விவசாயி, பொள்ளாச்சி

நீங்கள் படித்தது சரிதான். பிரேசிலில் வடகிழக்கே சியாரா மாநிலம், வறண்ட பூமி, ஆடு நிறைய, தென்னையும் நிறைய. அங்கே வெள்ளாட்டு விந்துக்கு இளநீரை வைத்து நிறைய வேலை செய்து, பிறகு இளநீரைப் பொடியாக்கியே டைலூட்டர் தயாரித்தார்கள். இளநீரில் சர்க்கரை இருக்கிறது, உப்பு இருக்கிறது, வெட்டும் வரை கிருமியும் இல்லை.

ஆனால் மரத்திலிருந்து இறக்கி அப்படியே ஊற்ற முடியாது. இளநீர் புளிப்புப் பக்கம் இருப்பது, விந்தணுவுக்கு நடுநிலை வேண்டும், அதனால் சிட்ரேட் சேர்த்துச் சரிப்படுத்த வேண்டும். வழுக்கைக் காய்க்கும் முற்றிய காய்க்கும் சர்க்கரை மாறும், உப்பு மாறும், உங்கள் தோப்பிலேயே இரண்டு மரத்துக்கு நடுவில் மாறும். முக்கியமாக, குளிரைத் தாங்க வைக்கும் கொழுப்புப் புரதம் இளநீரில் இல்லை, பனிக்கட்டியைத் தடுக்கும் கிளிசராலும் இல்லை. எடுத்த விந்தைச் சில மணி நேரத்தில் ஊசி போடுவதற்கு உதவும், உறையவைக்க வேண்டுமானால் மஞ்சள் கருவும் கிளிசராலும் அதிலும் சேர்த்தாக வேண்டும். முட்டைக்குப் பதில் இளநீர் என்று ஆகாது, பஃபருக்குப் பதில் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

வெண்பன்றிக்கும் உறைவிந்து வாங்கலாமா?
– பன்றிப் பண்ணையாளர், நாகர்கோவில்

வேண்டாம். பன்றி விந்தணு குளிருக்கு மிகவும் பயந்தது, கிளிசராலையும் 3 சதவீதத்துக்கு மேல் தாங்காது, ஒரு தடவைக்கு 200 கோடிக்கு மேல் விந்தணு வேண்டும். உறையாத விந்துதான் உங்களுக்கு ஏற்றது. பி.டி.எஸ். என்ற டைலூட்டர் போதும். அதில் முட்டையே கிடையாது, குளுக்கோஸ் 37 கிராம், சோடியம் சிட்ரேட் 6 கிராம், சோடா உப்பும் ஈ.டி.டி.ஏ.வும் 1.25 கிராம் வீதம், பொட்டாசியம் குளோரைடு 0.75 கிராம், ஒரு லிட்டருக்கு. ஆன்டிபயாடிக் சேர்த்து 17 டிகிரியில் வைத்தால் மூன்று நாள் நன்றாக இருக்கும். வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரே ராத்திரியில் செத்துவிடும், நம் கோடையில் வெளியில் வைத்தாலும் அதே கதி. 17 டிகிரி காட்டும் பெட்டி இல்லாமல் இதில் இறங்காதீர்கள். காலையும் மாலையும் பாட்டிலை ஒரு தடவை மெதுவாகப் புரட்டி விடுங்கள், அடியில் படிந்துவிடும்.

அசில் சேவல் விந்தை உறையவைக்க ஆசை. மாட்டு டைலூட்டர் ஆகுமா?
– நாட்டுக்கோழி வளர்ப்பவர், ஈரோடு

கிளிசரால் சேவல் விந்தில்தான் முதலில் வேலை செய்தது என்று மேலே எழுதினேன். ஆனால் கிளிசராலோடு கோழிக்குள் விட்டால் அது கருத்தடை மருந்து மாதிரி ஆகிவிடும், முட்டை கரு கூடாது. உருக்கிய பிறகு கிளிசராலைக் கொஞ்சம் கொஞ்சமாக நீக்க வேண்டும், இல்லையென்றால் டைமெத்தில் அசிடமைடு போன்ற வேறு பொருளுக்குப் போக வேண்டும். இரண்டும் லேப் வேலை. எடுத்த விந்தை அரை மணிக்குள் கோழிக்கு விட்டுவிடுங்கள், அதுதான் உங்களுக்கு நிற்கும்.

டாக்டர், என் கலப்பின ஜெர்சிக்கு மூன்று தடவை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. குச்சியில் இருக்கும் டைலூட்டர் மட்டமானதாக இருக்குமோ?
– ஒரு அம்மா, ஒரத்தநாடு

அம்மா, இருக்கலாம், ஆனால் நான் அதைக் கடைசியாகத்தான் சந்தேகப்படுவேன். நிலையத்தில் உருக்கிப் பார்த்துத் தேறிய குச்சிதான் வெளியே வருகிறது. வந்த பிறகு உங்கள் வாசல் வரை அதற்கு என்ன நடந்தது என்பதைப் பாருங்கள். நைட்ரஜன் கேனில் குச்சியைத் தேடும்போது கூடையைக் கழுத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு பெயர் படிப்பார்கள். பத்து வினாடிக்கு மேல் அப்படி நின்றால் மற்ற குச்சிகளும் சேர்ந்து சூடாகிவிடும், மறுபடி உள்ளே இறக்கும்போது விந்தணுவுக்குள் பனிக்கட்டி பெரிதாக வளரும். வெளியில் பார்த்தால் குச்சியில் எந்த மாற்றமும் தெரியாது.

அடுத்த தடவை அவர் வரும்போது பக்கத்தில் நில்லுங்கள். 37 டிகிரி வெந்நீர், தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தது, அதில் 30 வினாடி. உள்ளங்கையில் தேய்த்தோ சட்டைப் பையில் போட்டோ உருக்கினால், எந்த டைலூட்டர் போட்டிருந்தாலும் பாதி போய்விடும். வெந்நீரை நீங்களே போட்டுக் கொடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். எடுத்த குச்சியை ஈரம் போகத் துடைத்த பிறகுதான் வெட்ட வேண்டும், தண்ணீர் பட்டால் விந்தணு செத்துவிடும். காலையில் பருவம் கண்டால் மாலையில் ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலையில்.

பருவத்தில் மாட்டுக்கு வரும் ஒழுக்கு கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறதா, வெள்ளைத் திரி தெரிகிறதா என்று பார்த்து வையுங்கள். திரி இருந்தால் அந்தப் பருவத்தில் ஊசி வேண்டாம், கருப்பைக்கு வைத்தியம் முதலில். போட்டு முடித்த காலிக் குச்சியைத் தூக்கிப் போடாமல் வாங்கி வையுங்கள், அதன் மேல் காளையின் எண்ணும் தயாரித்த தேதியும் அச்சிட்டிருக்கும். அதையும், கன்று ஈன்று எத்தனை நாள் ஆகிறது என்பதையும் எழுதி அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.